படகு பிறகு வரட்டும், முதலில் கரை வேண்டும்

பக்கிங்காம் கால்வாயில் மறுபடி படகு ஓடப்போகிறது என்ற செய்தி சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தலைகாட்டும். ஆட்சிகள் மாறும், அமைச்சர்கள் மாறுவார்கள், செய்தி மட்டும் மாறாது. காக்கிநாடாவிலிருந்து புதுச்சேரி வரையுள்ள கால்வாய்களையும் கோதாவரி, கிருஷ்ணா ஆறுகளின் சில பகுதிகளையும் சேர்த்து, 1,078 கி.மீ. நீளத்துக்கு நான்காவது தேசிய நீர்வழி என்று 2008 நவம்பரில் மத்திய அரசு அறிவித்தது. 2016இல் அதன் நீளத்தை 2,890 கி.மீ. ஆக்கியது. காகிதத்தில் நீர்வழி நீண்டுகொண்டே போனது; தமிழ்நாட்டுப் பகுதியில் ஒரு சரக்குப் படகுகூட ஓடத் தொடங்கவில்லை. படகுத் திட்டம் நல்லதா கெட்டதா என்ற வாதத்துக்குள் நான் போகவில்லை. அது வரும்போது வரட்டும். அதற்கு முன்னால் செய்யக்கூடிய, செலவும் குறைந்த வேலை ஒன்று இருக்கிறது. முட்டுக்காட்டிலிருந்து மரக்காணம் வரை ஏறக்குறைய 80 கி.மீ. தூரம், கால்வாய்க் கரையோரமாக யாரும் கட்டணமில்லாமல் நடந்துபோகலாம் என்று ஒரு பொதுப் பாதையை வருவாய்ப் பதிவேட்டில் ஏற்றி, எல்லைக் கல் நட்டு, திறந்துவிட வேண்டும். கால்வாயை மீட்கும் வேலை தண்ணீரில் தொடங்காது, கரையில்தான் தொடங்கும் என்பது என் கட்சி.

இதைப் புதிய யோசனை என்று சொல்ல முடியாது. இந்தக் கால்வாய் ஓடிய காலத்தில் பாதி வேலை கரையில்தான் நடந்தது. காற்று சாதகமாக இருந்தால் பாய் விரிப்பார்கள், ஆழம் குறைந்த இடத்தில் கோல் ஊன்றுவார்கள், மற்ற நேரத்தில் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு கரையில் ஆட்கள் நடந்து படகை இழுப்பார்கள். ஆகவே நீரை ஒட்டித் தடையில்லாத நடைபாதை இல்லாமல் கால்வாயே இல்லை. பேசில் காக்ரேன் என்ற பிரிட்டிஷ் வணிகர் 1806இல் சென்னையிலிருந்து எண்ணூருக்கு வெட்டத் தொடங்கிய தனியார் கால்வாயை 1837இல் அரசு எடுத்துக்கொண்டது. பிறகு அது வடக்கே பழவேற்காட்டைத் தாண்டி ஆந்திரத்துக்குள்ளும், தெற்கே மரக்காணம் வரையிலும் நீண்டது. இன்றைய கணக்கில் ஆந்திரத்தில் சுமார் 257 கி.மீ., தமிழ்நாட்டில் சுமார் 163 கி.மீ. உப்பும் சவுக்கு விறகும் நெல்லும் சுண்ணாம்புக் கிளிஞ்சலும் இந்த வழியாகத்தான் சென்னைக்கு வந்தன. நகரத்தின் விறகுத் தொட்டிகளுக்கும் சுண்ணாம்புக் காளவாய்களுக்கும் தீனி போட்டது இந்தத் தண்ணீர். படகுகள் வந்து தங்கிய துறைதான் பேசின் பிரிட்ஜ் என்ற பெயரில் இருக்கிறது. சரக்கு ரயில் நிலையமான சால்ட் கோட்டர்ஸின் பெயரில் பழைய உப்புக் கிடங்கு இருக்கிறது. பாரதிதாசன் 'மாவலிபுரச் செலவு' என்ற கவிதையில் பாடியதும் இந்தக் கால்வாயில் படகேறி மாமல்லபுரம் போன பயணத்தைத்தான். சென்னையிலிருந்து மாமல்லபுரத்துக்குத் தண்ணீரில் போவது அந்தத் தலைமுறைக்குச் சாதாரணம்.

கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் சுமார் 8 கி.மீ. நீளத் துண்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அது தாது வருஷப் பஞ்சத்தின் வேலை. 1877, 78இல் பஞ்ச நிவாரணம் என்ற பெயரில் கூலிக்கு ஆள் சேர்த்து வெட்டியது. அந்தப் பஞ்சத்தின்போது கல்கத்தாவிலிருந்து வந்த அதிகாரி ரிச்சர்ட் டெம்பிள், நிவாரண வேலைக்காரர்களின் கூலியை நாளுக்கு ஒரு ராத்தல் தானியமும் சில்லறைக் காசும் என்று குறைத்தார். அதாவது அரைக் கிலோவுக்கும் குறைவான தானியம். மண் சுமக்கும் உடம்பு அதைக் கொண்டு தாங்காது என்று சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையர் கார்னிஷ் எழுத்தில் எதிர்த்தார். சில மாதங்கள் கழித்துக் கூலி உயர்த்தப்பட்டது. கால்வாய்க்குப் பெயர் அப்போதைய ஆளுநர் பக்கிங்காம் கோமகனுடையது. தோண்டியவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு அந்தக் கரையில் நடக்கவாவது உரிமை உண்டா என்று கேட்டால், இன்றைய பதில் தெளிவாக இல்லை. கால்வாய்ப் புறம்போக்கு அரசு நிலம். ஆனால் அரசு நிலம் வேறு, பொது வழி வேறு. அரசு நிலத்தை அரசே வேலி போட்டு அடைக்கலாம், குத்தகைக்கு விடலாம், தூண் நட்டு ரயில் விடலாம். பொது வழி என்று பதிவேட்டில் ஏறிவிட்டால் அதை எடுப்பது அவ்வளவு எளிதல்ல.

கரையில் நடப்பது எப்படி நின்றது? 1899 வாக்கில் சென்னைக்கும் விஜயவாடாவுக்கும் ரயில் பாதை இணைந்ததும் வடக்குப் பக்கச் சரக்கு மெல்ல மெல்லத் தண்டவாளத்துக்குப் போனது. ரயிலைவிடக் கால்வாய் மலிவு என்று வாழ்நாளெல்லாம் வாதாடிய பொறியாளர் ஆர்தர் காட்டனின் குரல் எடுபடவில்லை. பிறகு லாரி வந்தது. 1965, 66 ஆண்டுகளின் புயல்கள் கரைகளை உடைத்து மண்ணைத் தள்ளியபோது அவற்றைச் சீர்செய்து பழையபடி படகு விடும் அவசரம் யாருக்கும் இருக்கவில்லை. படகு நின்றதும் இழுப்பவர் நின்றார். கரையில் ஆள் நடமாட்டம் இல்லாமல் போனதும், அதுவரை கால்வாயைப் பார்த்து நின்ற வீடுகளும் பட்டறைகளும் அதற்கு முதுகைத் திருப்பின. முதுகுப் பக்கம் எதைக் கொட்டுவோமோ அது அங்கே கொட்டப்பட்டது. பிறகு பறக்கும் ரயிலுக்கு வழி தேடியபோது, நகருக்குள் சும்மா கிடக்கும் நிலம் என்று திட்டக்காரர்கள் கண்ணில் பட்டது இந்தக் கால்வாய். 1990களில் அதன் மடியிலேயே தூண்கள் இறங்கின, மேலே நிலையங்கள் எழுந்தன, பல இடங்களில் நீரோட்டத்தின் அகலம் சுருங்கியது. தினமும் ஆயிரம் பேர் நடக்கும் கரையாக அது இருந்திருந்தால் இந்தத் துணிவு வந்திருக்குமா என்பது என் சந்தேகம். எவரும் பயன்படுத்தாத நிலம் என்ற ஒற்றை வாதமே அப்போது போதுமானதாக இருந்தது.

இந்த வாதத்தின் பலத்தையும் அதை முறிக்கும் வழியையும் காட்டும் நிகழ்ச்சி ஒன்று இங்கிலாந்தில் நடந்தது. ஷேக்ஸ்பியர் பிறந்த ஸ்ட்ராட்ஃபர்ட் ஊருக்குப் போகும் பழைய கால்வாயின் தென்பகுதி 1950களில் புதர் மண்டிக் கிடந்தது. அதன் குறுக்கே இருந்த ஒரு பாலத்தைப் புதுப்பிக்கும் செலவைத் தவிர்க்க நினைத்த வார்விக்ஷயர் மாவட்ட மன்றம், இந்தக் கால்வாயை மூன்றாண்டுகளாக யாரும் பயன்படுத்தவில்லை, மூடிவிடலாம் என்று 1958இல் விண்ணப்பித்தது. சட்டப்படி அது போதும். ஆனால் சிறு துடுப்புப் படகில் அந்த வழியே போன இருவர், தாங்கள் கட்டிய சுங்கத்தின் ரசீதைப் பத்திரமாக வைத்திருந்தார்கள். அந்தக் காகிதம் வெளியே வந்ததும் மன்றத்தின் வாதம் ஆட்டம் கண்டது, மூடும் அனுமதி மறுக்கப்பட்டது. நேஷனல் டிரஸ்ட் அமைப்பு பொறுப்பேற்று, தன்னார்வலர்களையும் ராணுவத்தினரையும் சிறைக் கைதிகளையும்கூட வேலைக்குச் சேர்த்துக்கொண்டு 1964இல் கால்வாயைத் திறந்துவிட்டது. இன்று இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சுமார் 3,200 கி.மீ. நீர்வழிகளை ஓர் அறக்கட்டளை பார்த்துக்கொள்கிறது. அவற்றின் கரைகளில் நடப்பவர்களின் கூட்டம் படகில் போகிறவர்களைவிடப் பல மடங்கு. சரக்குக்காக வெட்டிய கால்வாய், சரக்கு போன பிறகும் பிழைத்துக் கிடப்பது நடப்பவர்களால்தான்.

அங்கே நடந்த இன்னொன்று நமக்கு இதைவிட முக்கியம். 1949இல் நிறைவேறிய சட்டம் ஒன்று, ஒவ்வொரு மாவட்ட மன்றமும் தன் எல்லைக்குள் மக்கள் நடக்கும் ஒற்றையடிப் பாதைகளையெல்லாம் ஆய்ந்து வரைபடத்தில் ஏற்ற வேண்டும் என்றது. அந்த வரைபடத்தில் ஒரு கோடு விழுந்துவிட்டால், நிலம் யாருடையதாக இருந்தாலும் நடக்கும் உரிமை ஊருக்கு. அழகுபடுத்துவதற்கு முன்னால் உரிமையை எழுதினார்கள். நமக்கு இது அந்நிய வழக்கம் என்று யாராவது சொன்னால், அவர் கிராம வரைபடத்தைப் பிரித்துப் பார்த்ததில்லை என்று பொருள். நம் கிராம வரைபடங்களில் வண்டிப்பாதையும் ஒற்றையடிப் பாதையும் புள்ளிக் கோடுகளாக இன்றும் இருக்கின்றன. 1882ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டமும் வழக்கமாக நடந்த வழியை மதிக்கிறது: தடையில்லாமல் 20 ஆண்டு நடந்தால் வழியுரிமை, அரசு நிலமானால் 30 ஆண்டு. அது தனி நிலத்துக்காரருக்கான பாதுகாப்பு. ஊர்ப் பொது வழிக்கு வருவாய்ப் பதிவேடுதான் உறுதியான துணை. கால்வாய்க் கரையை அந்தப் பதிவேட்டில் ஏற்றச் சட்டசபையில் புதுச் சட்டம் போட வேண்டிய அவசியம்கூட இருக்காது என்றே தோன்றுகிறது. சர்வேயரும் சங்கிலியும் கொஞ்சம் மனசும் போதும்.

முட்டுக்காட்டிலிருந்து தெற்கே என்று ஏன் சொல்கிறேன்? சாக்கடையும் கான்கிரீட்டும் அழுத்தும் நகரத்துக் கால்வாய் முடிந்து, நாட்டுப்புறத்துக் கால்வாய் தொடங்குவது ஏறக்குறைய அங்கேதான். கோவளம் முகத்துவாரத்தில் ஏறும் கடல்நீர் கால்வாய்க்குள் வந்து போகிறது. அங்கிருந்து மாமல்லபுரம் சுமார் 20 கி.மீ. நடுவில் மணல்மேடும் சவுக்குத் தோப்பும், தாழம்புதரும் உமரியும், கழிவெளியில் குனிந்து இறாலைக் கையால் தடவிப் பிடிக்கும் இருளர் குடும்பங்களும். மாசி மகத்துக்கு அந்த இருளர்கள்தான் மாமல்லபுரம் கடற்கரையில் வந்து கூடுகிறார்கள். அங்கிருந்து இன்னும் சுமார் 12 கி.மீ. போனால் சதுரங்கப்பட்டினம். டச்சுக்காரர்கள் துணி வாங்கி ஏற்றுமதி செய்த ஊர். கோட்டையும் எழுத்து வெட்டிய கல்லறைகளும் கடலைப் பார்த்தபடி நிற்கின்றன. அடுத்து பாலாறு. கால்வாய் ஆற்றுக்குள் நுழைந்து மறுபக்கம் ஏறும் இடத்தில் நடப்பவருக்குப் பாலம் கிடையாது. கிழக்குக் கடற்கரைச் சாலைப் பாலத்தைச் சுற்றித்தான் போக வேண்டும். அதற்குத் தெற்கே செய்யூர்ப் பக்கத்துக் கழிமுகங்கள், கடப்பாக்கத்தருகே பாதி இடிந்த ஆலம்பரைக் கோட்டை, பிறகு மரக்காணத்து உப்பளங்கள். காலை வெயிலில் பாத்தி பாத்தியாக உப்பு வாரும் இந்த அளங்களிலிருந்துதான் ஒரு காலத்தில் படகுகள் பாரம் ஏற்றிக்கொண்டு வடக்கே கிளம்பின. கால்வாய் முடியும் இடத்தை ஒட்டிக் கழுவெளி. 2021இல் பறவைகள் சரணாலயமாகி, 2024இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்த சதுப்பு ஏரி. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் கழி, நடுவில் மேடான கரை. தமிழ்நாட்டில் நாலைந்து நாள் தொடர்ந்து நடந்து ஒரு நிலத்தைப் படிக்க இதைவிட நல்ல வழி இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. இவ்வளவையும் இன்று நாம் கார் கண்ணாடிக்குள்ளிருந்து மணிக்கு எண்பது கிலோமீட்டர் வேகத்தில் பார்க்கிறோம். அதாவது பார்ப்பதில்லை. சாலைக்கும் கடலுக்கும் நடுவில் சொகுசு விடுதிகளின் மதில் ஏறிக்கொண்டே வருவதால், கடற்கரைச் சாலையில் போகிறவர் கடலைக் காண்பதே அபூர்வமாகி வருகிறது.

முதல் எதிர்ப்பு மூக்கிலிருந்து வரும். சாக்கடை ஓரத்தில் எவன் நடப்பான், முதலில் சுத்தம் செய்யுங்கள், பிறகு பாதையைப் பேசலாம் என்பார்கள். நகருக்குள் ஓடும் பகுதிக்கு இது நியாயமான பேச்சு. அங்கே கழிவுநீரை நிறுத்தாமல் பாதை போடுவது, நாறும் பிணத்துக்கு நகை பூட்டுவது. ஆனால் சுத்தம் முதலில், ஆட்கள் பிறகு என்ற வரிசைதான் நம்மை அரை நூற்றாண்டாக ஏமாற்றி வந்திருக்கிறது. பார்க்க ஆளில்லாத இடத்தில் தூர்வாரினாலும் அடுத்த மழைக்குள் பழையபடி ஆகிவிடுகிறது. எவர் கொட்டினார், எந்த இரவில் கொட்டினார் என்று சொல்ல ஒருவரும் இல்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி தொழிற்பகுதியின் எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர்க் கழிமுகத்தில் இறங்கியபோது, முதலில் கூவியவர்கள் அந்தத் தண்ணீரில் நித்தம் இறங்கும் மீனவர்கள். அளவைக் கருவிகளுக்கு முன்னால் அவர்களின் வலையும் தோலும் சொல்லிவிட்டன. நீரோடு தினசரி உறவுள்ள கண்கள் எங்கே இருக்கின்றனவோ அங்கே மறைத்துச் செய்வது கடினம். மறைப்பு கடினமானால் திருட்டு ஒழிந்துவிடும் என்று சொல்லவில்லை. எண்ணூரில் கண்கள் இருந்தும் எண்ணெய் வந்ததே என்று கேட்கலாம். வந்தது, ஆனால் ஊர் அறிய வந்தது, கணக்குக் கேட்க ஆள் இருந்தது. ஆளரவமற்ற தெற்குக் கரையில் அப்படி ஒன்று நடந்தால் செத்த மீன் கரை ஒதுங்கும்வரை செய்தி வராது.

இரண்டாவது எதிர்ப்பை நான் மிகுந்த மரியாதையோடு கேட்கிறேன், ஏனென்றால் அதில் அனுபவத்தின் வலி இருக்கிறது. நீர்க்கரையை மேம்படுத்துகிறோம் என்று அரசு வாய் திறந்தாலே குடிசைகள் போகும். கூவம், அடையாறு, பக்கிங்காம் கரைகளிலிருந்து பெயர்த்தெடுக்கப்பட்டவர்கள் கண்ணகி நகரிலும் செம்மஞ்சேரியிலும் பெரும்பாக்கத்திலும் அடுக்கப்பட்டதையும், வேலை செய்யும் வீடும் பிள்ளைகளின் பள்ளியும் ஒரே நாளில் தொலைவாகிப் போனதையும் ஊரே பார்த்தது. நடைபாதை என்பது அடுத்த வெளியேற்றத்துக்கு நல்ல பெயராக மாறிவிடாதா? மாறும், விட்டால் கட்டாயம் மாறும். அதனால்தான் நகரத்தில் தொடங்காதீர்கள் என்கிறேன். கிராமப்புறத்திலும் கரையில் வீடு இருந்தால் பாதை வீட்டைச் சுற்றிப் போகட்டும். நடப்பவருக்கு ஐம்பது மீட்டர் வளைவு ஒரு பொருட்டே இல்லை. கயிறு இழுத்தவருக்குத்தான் நேர்கோடு தேவைப்பட்டது. அத்தோடு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இந்தக் கால்வாயின் மிகப் பெரிய ஆக்கிரமிப்பைச் செய்தது ஓலைக் குடிசை அல்ல, ரயில் தூண். அதை நட்டது அரசு. இந்த வரலாறு இருக்கும்போது, கரையில் படுத்திருக்கும் ஏழையை மட்டும் ஆக்கிரமிப்பாளர் என்று அழைக்க அரசுக்குக் கூச்சம் வர வேண்டும்.

பாதை என்றதும் நம் அதிகாரிகளின் கற்பனை உடனே டைல்ஸுக்குப் போய்விடும். எஃகுக் கைப்பிடி, வண்ண விளக்கு, செயற்கை நீரூற்று, செல்ஃபி எடுக்க ஓர் எழுத்து வளைவு, நுழைவுச்சீட்டுக் கூண்டு. பறவை ஆர்வலர்கள் பயப்படுவது இதைப் பார்த்துத்தான். கழுவெளிக்கும் செய்யூர்க் கழிகளுக்கும் குளிர்காலத்தில் வரும் உள்ளான்களுக்கும் நாரைகளுக்கும் இரவு விளக்கும் ஒலிபெருக்கியும் எமன். அவர்கள் பயம் நியாயம். மருந்து, பாதையை மறுப்பதில் இல்லை, பாதையைச் சுருக்குவதில் இருக்கிறது. எதிரெதிரே வரும் இரண்டு பேர் விலகிப் போகும் அகலம், மண் தரை, விளக்கு வேண்டாம், வண்டி நுழைய முடியாதபடி ஒரு குறுக்குக் கட்டை. பறவைகள் கூடும் மாதங்களில் சில துண்டுகளை மூடியும் வைக்கலாம். நிழலுக்கு என்ன நடுவது என்பதிலும் கொஞ்சம் யோசனை தேவை. பனை நட வேண்டும் என்ற பேச்சு இப்போது நல்லெண்ணத்தோடு எங்கும் கேட்கிறது. பனை கரையைக் கட்டும், நடப்பவர் தலைக்கு நிழல் தராது. உப்புக் காற்றைத் தாங்கி நிழலும் தருவது பூவரசும் புன்னையும் புங்கும். ஒரே இனத்தை வரிசையாக நடுவதில் என்ன ஆபத்து என்பதற்குப் பிரான்சைப் பார்க்கலாம். துலூசிலிருந்து மத்தியதரைக் கடலை நோக்கிப் போகும் 240 கி.மீ. நீள மிதிக் கால்வாயின் கரைகளில் நின்ற சுமார் 42,000 பிளேன் மரங்களில், 2006இல் கண்டறியப்பட்ட பூசண நோய் பரவி, ஆயிரக்கணக்கில் வெட்டி எரிக்க வேண்டி வந்தது.

நம் ஆட்கள் நடக்க மாட்டார்கள், இது வெள்ளைக்காரன் பொழுதுபோக்கு, இந்த வெயிலில் எவன் போவான் என்று சிரிப்பவர்களுக்கு ஆகஸ்ட் கடைசியில் கிழக்குக் கடற்கரைச் சாலை பதில் சொல்லும். வேளாங்கண்ணிக் கொடியேற்றத்துக்குக் காவி உடுத்திச் சென்னையிலிருந்து நடந்தே போகிறவர்கள் கூட்டம் கூட்டமாக அந்தச் சாலையோரத்தில் போகிறார்கள். தைப்பூசத்துக்குப் பழனி, பங்குனிக்கு ஊர் ஊராகக் காவடி. உலகத்தில் இவ்வளவு தூரம் இவ்வளவு பேர் காலால் நடக்கும் நாடுகள் அதிகம் இல்லை. குறை நடக்கும் மனத்தில் இல்லை, நடக்க விடும் இடத்தில் இருக்கிறது. வேளாங்கண்ணிக்குப் போகிறவர் இருட்டில் லாரிக்கும் பேருந்துக்கும் உடம்பைக் கொடுத்துக்கொண்டு தார்ச்சாலை ஓரத்தில் நடக்கிறார். அதே திசையில் சற்று மேற்கே ஒரு கரை சும்மா கிடக்கிறது. வெயில் உண்மைதான். மார்கழியிலிருந்து மாசி வரை நல்ல பருவம், சித்திரையில் விடியலோடு நிறுத்திக்கொள்ள வேண்டியதுதான். பெண்களின் பாதுகாப்பு பற்றிய கேள்விக்கு என்னிடம் முழுமையான பதில் கிடையாது. ஆளில்லாத வழி ஆபத்து, ஆள் சேரும்வரை அது ஆளில்லாத வழிதான். கிராமங்களின் வழியாகப் பாதை அடிக்கடி உள்ளே வந்து போவதும், தண்ணீரும் கழிப்பறையும் இருக்கும் ஊர்ச் சாவடிகளைத் தங்கலாக வைப்பதும் கொஞ்சம் உதவும், முழுவதும் தீர்க்காது.

நீர்வளத் துறை சொல்லக்கூடியது வேறு. இது இப்போது வெள்ள வடிகால். பள்ளிக்கரணை நீர் ஒக்கியம் மடுவு வழியாக இதில்தான் விழுகிறது, தூர்வாரும் இயந்திரம் போகக் கரை வேண்டும், நடப்பவர்கள் இடைஞ்சல் என்பார்கள். மனிதர் தொடர்ந்து நடக்கக்கூடிய கரை இயந்திரமும் போகக்கூடிய கரை. இடைவிடாத பாதைதான் இரண்டுக்கும் தேவை. கரையை யாராவது உடைத்துத் தன் மனைக்கு மண் அள்ளினால் துறைக்கு முன்னால் கண்டுபிடிப்பவரும் நடப்பவர்தான். 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி அலை ஏறிய இடங்களில் ஆந்திரக் கரையோரம் இந்தக் கால்வாய் நீரை வாங்கிக்கொண்டு உள்ளூர்களின் சேதத்தைக் குறைத்தது என்று ஆய்விதழ்களில் பதிவாகியிருக்கிறது. எல்லா இடத்துக்கும் அதைப் பொதுவாக்க முடியாது. ஆனால் கரையோடு கூடிய முழுக் கால்வாயைக் காப்பது வெறும் பழம்பெருமை விஷயம் அல்ல என்பதற்கு அது போதும். கல்பாக்கம் அணுமின் நிலையத்தை ஒட்டிய பகுதியில் மட்டும் பாதுகாப்புக் காரணமாகப் பாதை விலகிப் போக வேண்டியிருக்கும், போகட்டும்.

இனி, யார் பராமரிப்பது? சுற்றுலாத் துறையிடம் கொடுத்தால் மறுநாள் நுழைவுச்சீட்டு வந்துவிடும். பழவேற்காட்டில் மீனவர்கள் தலைமுறை தலைமுறையாகப் 'பாடு' என்று ஒரு முறை வைத்திருக்கிறார்கள். எந்த நாளில் எந்த இடத்தில் யார் வலை போடுவது என்று முறை வைத்துப் பங்கிட்டுக்கொள்ளும் ஏற்பாடு. குறைகள் உண்டு, யாருக்குப் பங்கு, யாருக்கு இல்லை என்ற சாதிக் கணக்கும் அதில் உண்டு. ஆனாலும் பொது நீரைக் காவல்காரன் இல்லாமல் ஊரே ஒழுங்குபடுத்த முடியும் என்பதற்கு அது சான்று. ஊராட்சிக்கு ஐந்தாறு கிலோமீட்டர் என்று கரையைப் பிரித்துக் கொடுத்து, ஊரக வேலைத் திட்டங்களில் மண் போடுவதையும் மரம் நடுவதையும் சேர்க்கலாம். பஞ்சத்தில் கூலி வேலையாக வெட்டிய கால்வாயின் கரையை, நியாயமான கூலி கொடுத்துச் செப்பனிடுவதில் ஒரு பொருத்தமும் இருக்கிறது.

80 கிலோமீட்டரையும் ஒரே மூச்சில் செய்ய வேண்டியதில்லை. மாமல்லபுரத்திலிருந்து சதுரங்கப்பட்டினம் வரையுள்ள பன்னிரண்டு கிலோமீட்டர் தொடக்கத்துக்கு நல்ல துண்டு: ஒரு முனையில் பல்லவர் கற்கோயில், மறு முனையில் டச்சுக் கோட்டை, இரண்டிலும் பேருந்து நிற்கும், காலையில் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்குள் கடலைத் தொட்டுவிடலாம். திருக்கழுக்குன்றம் வட்டாட்சியர் அலுவலகத்தில் அந்தக் கரையோரப் புல எண்களை எடுத்து, அளந்து, 'அ' பதிவேட்டில் குறிப்புப் பத்தியில் 'பொது நடைபாதை' என்று எழுதினால் முதல் வேலை முடிந்தது. திருப்போரூர், செய்யூர், மரக்காணம் வட்டங்கள் பிறகு வரலாம். படகு ஓடும் நாள் வந்தால், அதைக் கரையில் நின்று பார்க்க ஆட்கள் இருப்பார்கள்.